நாலாவது பை

பைக் திரும்பிய வேகத்தில் உம்மு ஹாஸிமின் கையிலிருந்த பை பறந்தே போய்விட்டது. "திருடன்! பிடிங்க!" என்று சவரக்கடை ஜமீல் கத்தியும் கையுமாக ஓடினான். நாற்காலியில் பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தவரும் அவன் பின்னாலேயே ஓடினார்.

பறிகொடுத்தவள் மட்டும் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"ஒரே மாசத்துல மூணாவது தடவை சார்! பட்டப்பகல்ல, இதே முக்குல, இதே அம்மாகிட்ட!" சார்ஜென்ட் தாமிர் வந்ததும் ஜமீல் பிடித்துக்கொண்டான். "நீங்க வந்தப்புறம்தான் இந்தக் கூத்தெல்லாம் நடக்குது."

தாமிர் அகபா துறைமுக நகரின் அந்தப் பேட்டைக்குக் காவலராக வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கடைகடையாகத் தேநீர் குடித்து எல்லார் பேரையும் மனப்பாடம் செய்துவிட்டான். ஒரு திருடனைத்தான் பிடிக்க முடியவில்லை. 'வியாழக்கிழமைக்குள்ள ஆள் சிக்கணும். இல்லேன்னா பாலைவனச் சோதனைச் சாவடிக்கே திரும்பிப் போ' என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

"பையில என்னம்மா இருந்துச்சு?"

"பழைய துணி, தம்பி. வேறென்ன?"

"வண்டி நம்பர் பாத்தீங்களா?"

"எனக்கு எங்க கண்ணு தெரியுது!"

நேற்றுத்தான் இந்த அம்மா மூன்றாவது மாடியிலிருந்தே தராசு முள்ளைப் பார்த்துக் காய்கறிக்காரனை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள்.

"நாளையிலேர்ந்து வேற தெரு வழியா போங்களேன்."

"எனக்கு இதுதான் பழக்கம்" என்று சொல்லிவிட்டு அவள் நடையைக் கட்டினாள்.

அன்று மாலை பேட்டைக் கூட்டத்தில் ஆளாளுக்குக் கொதித்தார்கள். வீட்டுப் பெண்கள் மதியத்தில் கடைக்குப் போகவே பயப்படுகிறார்களாம். வழக்கமாகத் தெருப்பூனைக்கும் கார் ஹாரனுக்கும்கூடக் கூரை பிய்யக் கத்துகிற அபூ ஹாஸிம், பறிகொடுத்தவளின் புருஷன், தஸ்பீஹ் ஜெபமணியை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"பைதானே போச்சு, விடுங்கப்பா."

"ஐயா, போனது உங்க வீட்டுப் பை!" என்றான் ஜமீல்.

மறுநாள் காலையில் அவரே கடைத்தெருவுக்குப் போய்ப் புதுப்பை ஒன்று வாங்கி வந்தார். போனதைவிடப் பெரிய பை. இந்த வயதில் மனைவிமேல் இவ்வளவு அக்கறையா என்று தாமிருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

புதன்கிழமை பன்னிரண்டரை மணி. சீருடையைக் கழற்றிவிட்டு, முகம் முழுக்க நுரையோடு ஜமீலின் நாற்காலியில் தாமிர் உட்கார்ந்திருந்தான். உம்மு ஹாஸிம் வந்தாள். பைக்கும் வந்தது. பையில் கை பட்டதுதான் தாமதம், தாமிர் பாய்ந்தான். வண்டி சரிய, ஹெல்மெட் போட்டவன் குப்புற விழ, ஜமீல் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தான்.

"ஐயோ, அடிக்காதே! எழுந்திருடா தடியா!"

மூன்று முறை பறிகொடுத்தும் வாயைத் திறக்காத உம்மு ஹாஸிம் இப்போதுதான் அலறினாள். செருப்பைக் கழற்றி இரண்டு வைத்தாள். திருடனுக்கு அல்ல, ஜமீலுக்கு.

ஒன்றும் புரியாமல் தாமிர் உம்மு ஹாஸிமையும் திருடனையும் காவல் நிலையத்துக்குக் கூட்டிவந்து கதவைச் சாத்தினான். பையைப் பிரித்தான். துண்டில் சுற்றிய பாத்திரத்தில் ஆவி பறக்கும் மீன் சோறு. தேய்த்து மடித்த சட்டை. ஒரு புட்டி இருமல் மருந்து.

"ஹெல்மெட்டைக் கழட்டு. பேரு?"

"ஹாஸிம்."

தாமிரின் பேனா நின்றது. மூத்த பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் தாயைக் கூப்பிடுவது ஊர் வழக்கம். உம்மு ஹாஸிம். ஹாஸிமின் அம்மா.

"உங்க மகனாம்மா?"

அவள் பொலபொலவென்று அழுதாள். "பாங்க் வேலையை விட்டுட்டுக் கல்யாண வீட்டுல பாடப் போயிட்டான் தம்பி. அப்பனுக்கும் மகனுக்கும் பெரிய சண்டை. 'இனிமே உன் கையால அவனுக்கு ஒரு வாய் சோறு கொடுத்தாலும் உனக்குத் தலாக்'னு ஆத்திரத்துல சத்தியம் பண்ணிட்டாரு மனுஷன். முப்பது வருஷக் குடித்தனம் இது!"

"அதனால?"

"நான் எங்க கொடுத்தேன்? அவன்ல புடுங்கிக்கிட்டுப் போறான்!"

தாமிருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கை எழுதினால் விஷயம் கிழவர் காதுக்குப் போகும், முப்பது வருஷக் குடித்தனம் தெருவுக்கு வரும். எழுதாவிட்டால் பாலைவனம். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தான். பிறகு பேனாவை மூடி வைத்தான்.

அப்போது கதவு திறந்தது. அபூ ஹாஸிம்!

உம்மு ஹாஸிமின் முகம் வெளுத்துப்போனது. மகன் தலையைக் குனிந்துகொண்டான். தாமிர் அவசரமாகச் சோற்றுப் பாத்திரத்தை மேசைக்கடியில் தள்ளினான்.

கிழவர் யாரையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த நாட்காட்டியையே முறைத்தபடி மேசையருகே வந்தார். கோட்டுப் பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழங்களையும், கழுத்தில் சுற்றிக்கொள்ளும் கம்பளித் துண்டு ஒன்றையும் எடுத்து வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதையும் திருட்டுப் போனதுல சேத்து எழுதிக்குங்க சார்."