ஆள் இருக்கும் கவுன்ட்டர்

“வீட்ல பேச ஆள் இல்லன்னா இப்படித்தான். சோப்புக்கு ஒரு தடவை, சீப்புக்கு ஒரு தடவைன்னு வந்து நிப்பாங்க.”

சூப்பர் மார்க்கெட்டில், வாங்கிய சாமான்களுக்குத் தானே மெஷினில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண் கணவனிடம் சொன்னது, பக்கத்துக் கவுன்ட்டரில் பில் போடும் அக்காவின் காதில் விழுந்தது. முதல் பாதியைக் கேட்டதும் தன்னைத்தான் சொல்கிறாளோ என்று அக்காவுக்குத் திடுக்கென்றது.

இல்லை. அவள் சொன்னது கண்டக்டரை.

பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தினமும் சாயங்காலம் சின்னக் கூடையோடு வருவார். ஒரு சோப்பை மட்டும் எடுத்து நீட்டுவார். பில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போவார். அடுத்து உப்பு. அதற்கடுத்து தீப்பெட்டி. ஒவ்வொரு முறையும், “சாப்டீங்களா?”, “மழை வரும் போலிருக்கே” என்று ஒரு வார்த்தை. பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது இது ஒரே ஒரு கடை. பெரிய முதலாளி தானே வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிடுவார். பிறகு ஊருக்கு ஊர் கிளை முளைத்தது. அதை ஒரு கம்பெனி வாங்கியது. அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி விழுங்கியது. பச்சை ஏப்ரன் நீலமாகி, இப்போது ஆரஞ்சு. பழையவை இரண்டும் அக்கா வீட்டில் அடுப்புத் துணி. இப்போதைய முதலாளியை யாரும் பார்த்ததில்லை. அவர் ஆளா, கட்டடமா என்றே தெரியாது.

முன்பெல்லாம் வரிசையாகக் கவுன்ட்டர்கள். இந்தக் கோடியில் ஒருத்தி தும்மினால் அந்தக் கோடியிலிருந்து “நூறு வயசு” என்று குரல் வரும். இப்போது அந்த இடத்திலெல்லாம் மெஷின். மெஷின்கள் தும்முவதில்லை. மிச்சம் இருப்பது அக்காவின் கவுன்ட்டர் ஒன்றுதான்.

அதுவும் எத்தனை நாளைக்கோ. அங்கே எவ்வளவு வியாபாரம் நடக்கிறது, ஜனங்கள் குறை சொல்கிறார்களா என்று மேலிடத்தில் பார்க்கிறார்களாம். சரிப்படவில்லை என்றால் எடுத்துவிடுவார்களாம். கவுன்ட்டர் போனால் அக்காவும் வீட்டுக்கு. வீடு என்றால் நாலு சுவர், ஒரு ஃபேன். வெளியூரில் இருக்கும் மகன், நேரம் கிடைத்தால் போன் செய்வான்.

மத்தியானம் மேனேஜர் வந்தார். எந்த முதலாளி எது சொன்னாலும் ஒரே மாதிரி தலையை ஆட்டி மூன்று முதலாளிகளிடமும் வேலை போகாமல் தப்பியவர். அதனால் கடைக்குள் அவருக்குத் தலையாட்டி என்று பெயர்.

உங்கள் வரிசை நகரவே இல்லை என்று மறுபடியும் புகார் வந்திருப்பதாகச் சொன்னார்.

“அந்தக் கண்டக்டராலதான்க்கா. இன்னொண்ணு வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நீங்களே பதமா சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்.”

அக்கா சரி என்றாள். நாள் முழுக்க அவளைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே ஆளை, வராதே என்று எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் கண்டக்டர் வந்தார். சோப்பை நீட்டினார். “சாப்டீங்களா?”

“ஆச்சு சார்.” அக்கா சோப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “தப்பா நினைக்காதீங்க. எல்லாத்தையும் ஒரே தடவையா வாங்கிக்கோங்களேன். உங்களால என் வேலைக்கே உலை வச்சிடுவாங்க போலிருக்கு. பேசணும்னா, கடை விட்டப்புறம் வாசல்ல நின்னு பேசலாம்.”

கண்டக்டர் சிரித்தார்.

“பேச்சுத் துணைக்கு வர்றேன்னு நினைச்சீங்களா?”

அக்கா பில்லைக் கிழித்து நீட்டினாள்.

“அதுவும்தான். ஆனா அது மட்டும் இல்லம்மா. நான் போன பஸ்ல கால் வைக்க இடம் இருக்காது. முக்காவாசிப் பேர் கையில பாஸ். மேல இருக்குறவங்க யாரும் பஸ்ல ஏறிப் பாக்கல. எத்தனை டிக்கெட் கிழிச்சேன்னுதான் பாத்தாங்க. கூட்டமே இல்லன்னு எழுதி, அந்த ரூட்டையே தூக்கிட்டாங்க.”

சோப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“போன மாசம் உங்க மேனேஜர் இதே இடத்துல நின்னு போன்ல யார்கிட்டயோ, இந்தக் கவுன்ட்டர்ல எத்தனை பில் விழுதுன்னு பாத்துத்தான் முடிவு பண்ணப் போறாங்கன்னு சொன்னாரு. நான் பின்னாடிதான் நின்னேன். எல்லாத்தையும் சேர்த்து வாங்கினா, ஒரு பில்லுதானேம்மா விழும்?”

அக்கா நிமிர்ந்தாள்.

பக்கத்து மெஷினில் தலையாட்டி நின்றிருந்தார். வேலை முடிந்து, வீட்டுக்கு வாங்கிய சாமான்களைப் பில் போட வந்தவர். கை அந்தரத்தில் நின்றிருந்தது. “அடுத்த பொருளை வையுங்கள்” என்று மெஷின் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் உப்புப் பாக்கெட்டோடு வரிசையின் கடைசிக்குப் போனார்.

தலையாட்டி கூடையை மெஷின் பக்கத்திலேயே தரையில் வைத்தார். அதிலிருந்து ஒரு பற்பசையை மட்டும் எடுத்துக்கொண்டு, கண்டக்டருக்குப் பின்னால் போய் நின்றார்.