கடுகு, மிளகுக்குப் பெரிய வீடு

"ரெண்டு எலிக்கு ஐஸ்கிரீம் பெட்டியா? அதுல நாம ரெண்டு பேருமே காலை நீட்டிப் படுக்கலாம் போல இருக்கே!"

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஃபிரிட்ஜ் மெக்கானிக் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பேக்கரிக்காரர் தூக்கிப் போடச் சொன்ன பழைய ஃபிரீசரை மூச்சு வாங்க ஹாலின் நடுவில் இழுத்து நிறுத்தினான்.

"எலின்னு சொல்லாதே. ஜெர்பில். அக்கா காதுல விழுந்தா நாம தொலைஞ்சோம்."

"தொலைஞ்சது அதுங்கதானே? நாம எங்க தொலைஞ்சோம்?"

அதுதான் விஷயம். வால் நுனியில் குஞ்சம் வைத்த இரண்டு ஜெர்பில்கள், கடுகும் மிளகும், அக்காவின் உயிர். ஒரு வாரம் வெளியூர் போவதால் தம்பியிடம் விட்டுப் போனாள். அவள் காரிலிருந்தே கையாட்ட, அத்தான்தான் கூண்டை மாடிக்குத் தூக்கி வந்தார். அதன்மேல் கனமாக ஒரு துணி.

"புது இடம், மிரளும். நாலு நாளைக்குத் துணியை எடுக்காதே மச்சான். இந்தச் சின்னக் கதவு வழியா விதைத் தட்டைத் தள்ளிவிடு, போதும்" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் படியிறங்கினார்.

நாலு நாளும் இரவில் வைத்த சூரியகாந்தி விதை காலையில் காலி. நன்றாகத்தான் சாப்பிடுகின்றன என்று குடும்பமே பூரித்துப்போனது. ஐந்தாம் நாள் துணியை விலக்கினால் கூண்டில் காகிதத் துண்டும் வெறும் தட்டும்தான் கிடந்தன. சின்னக் கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டுவிட்டோமே என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான். வீட்டையே தலைகீழாகப் புரட்டியும் ஒரு வால் கூடத் தட்டுப்படவில்லை.

"கடையில வேற ரெண்டு வாங்கி விட்டுட்டா என்ன?" என்றாள் மனைவி.

"மிளகுக்கு இடது காதுல பொத்தல். கடுகுக்குத் தாடையில வெள்ளைப் புள்ளி. அக்கா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவா. கிளியைப் பறக்க விட்டான்னு சித்தப்பா மகனோட எட்டு வருஷமா பேச்சு வார்த்தை இல்லை, மறந்துட்டியா?"

திட்டுவதற்காவது தினமும் போன் செய்கிற அக்கா. அந்தப் போன் நின்றுபோனால் என்ன செய்வது?

செல்போனில் தேடியபோதுதான் வழி பிறந்தது. ஜெர்பில்கள் வளை தோண்டி வாழ்கிறவை. மரச்சுருளை ஆழமாக நிரப்பிக் கொடுத்தால் மணிக்கணக்கில் வெளியே தலை காட்ட மாட்டா. ஆக, கூடு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குத் தன் தலை தப்பும்.

தச்சுப் பட்டறையில் சும்மா கொடுத்த மரச்சுருள் மூன்று மூட்டை உள்ளே போனது. துணிக்கடை அட்டைக் குழாய்கள் சுரங்கப் பாதை ஆயின. கண்ணாடிக் கதவு இருந்த இடத்தில், பழைய ஃபிரிட்ஜ் கம்பித் தட்டுகளை வலையோடு சேர்த்துக் கட்டி மூடி போட்டான். காசு கொடுத்து வாங்கியது வலையைக் கட்டுகிற பிளாஸ்டிக் கேபிள் டை ஒரு பாக்கெட் மட்டும்தான்.

"வேலை சுத்தம், மாப்பிள்ளை" என்றார் அவர்கள் வீட்டோடு இருக்கும் மாமனார், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல். டாக்டர் நொறுக்குத் தீனியை நிறுத்தச் சொன்னதிலிருந்து உம்மென்று இருந்த மனிதர், கொஞ்ச நாளாகத்தான் வாய் திறந்து பேசுகிறார்.

மறுநாளே அக்கா அத்தானோடு வந்து நின்றாள்.

"எங்கடா என் செல்லங்க?" என்று நுழைந்தவள், பெட்டியைப் பார்த்து அசந்துபோனாள். "இவ்வளவு பெரிசா! நீயே பண்ணினியா?"

"ஆமாக்கா. உள்ளே தூங்குதுங்க."

"ஒரே ஒரு தடவை பார்த்துக்கறேன்" என்று மூடியில் கை வைத்தாள்.

"தொடாதே!" என்று கத்தினார் அத்தான். "அதோ, அந்தக் குழாய்க்குள்ள! வால் தெரிஞ்சுது பாரு!"

"எங்கேங்க?"

"நீ போட்ட சத்தத்துல உள்ள போயிடுச்சு."

மெக்கானிக் வாயைப் பிளந்தான். அவன் மனைவி சுதாரித்துக்கொண்டாள். "இப்பக்கூட இந்த மூலையில அசைஞ்சுது, அண்ணி!"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உன்னைப் பொறுப்பில்லாதவன்னு நினைச்சேன்டா, தப்பு. இதை அப்படியே நம்ம வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாங்க. நான் கீழே போய் வண்டி கூப்பிடறேன்."

ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆண்கள் இருவரும் பெட்டியோடு படியிறங்கினார்கள். கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஆட்டாம தூக்குங்க! கடுகுக்குத் தலை சுத்தும்!"

பாதிப் படியில் பெட்டியை இறக்கி வைத்தான் மெக்கானிக். பெட்டியைவிட மனசு கனத்தது.

"அத்தான், கோபப்படாதீங்க. உள்ள ஒண்ணுமே இல்லை."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப அந்த வால்?"

"மெதுவாப் பேசு." அத்தான் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டார். "ஊருக்குக் கிளம்பற அன்னைக்குக் கூண்டைச் சுத்தம் பண்றேன்னு திறந்தேன், ரெண்டும் தோட்டத்துல பாய்ஞ்சு ஓடிடுச்சு. பழியை உன் தலையில கட்டிடலாம்னு வெறுங்கூண்டைத் துணி போட்டு மூடிக் கொடுத்தேன். நீ என்னடான்னா கோட்டையே கட்டி என்னைக் காப்பாத்திட்டே!"

மெக்கானிக் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "வெறுங்கூண்டா? அப்ப நாலு நாளா விதையைத் தின்னது யாரு?"

மேலே கதவு திறந்தது. மாமனார் தலையை நீட்டினார்.

"மாப்பிள்ளை, பெட்டி போனா போகட்டும். ராத்திரி அந்த விதைத் தட்டை மட்டும் வழக்கமான இடத்துல வெச்சிடுங்க."