நின்ற வண்டி

நாமக்கல் லாரிகளின் ஜிபிஎஸ் பதிவுகளை அலசும் அலுவலகம் அது. நாற்பது கம்ப்யூட்டர்கள் பங்கிட்டு வேலை செய்யும் கிளஸ்டருக்குப் பொறுப்பாளனாகச் சித்தார்த் அன்றுதான் சேர்ந்திருந்தான்.

"போன மாச டேட்டாவை எதுக்குங்க மறுபடி ஓட்டறீங்க?" என்று புரோகிராம் எழுதும் ஜோதியிடம் கேட்டான்.

"ஒரு டிரைவர் நெஞ்சுவலியில வண்டிக்குள்ளயே செத்துட்டாருங்க. வண்டி நின்னதும் ஓனருக்கு எச்சரிக்கை போயிருந்தா பொழைச்சிருப்பாரான்னு பாக்கோணும்," என்றாள் ஜோதி.

"ஏன் போகலீங்க?"

"டிரைவருங்க கண்ணசர்றப்ப எச்சரிக்கை போனா ஓனருங்க போன் போட்டு எழுப்பிடறாங்க. அதனால ஓரமா நிக்கற வண்டிகளை விட்டுடற மாதிரி புரோகிராம்ல நான்தான் ஒரு வரி சேர்த்தேன்."

அந்த வரியை நீக்கிவிட்டு ஓட்டினாள். இருபது நிமிடத்தில் முடிவு வந்தது. காலை 10.40க்கே எச்சரிக்கை போயிருக்கும். பன்னிரண்டு மணி வரை அவருக்கு உயிர் இருந்ததாகப் பிரேதப் பரிசோதனை அறிக்கை சொல்லியிருந்தது.

சித்தார்த் குரலைத் தாழ்த்தினான். "அவரு ஊட்டுக்கு மட்டும் இது தெரிய வேண்டாங்க. தாங்க மாட்டாங்க."

"தெரிஞ்சு போச்சுங்க. அவரு எங்கப்பா," என்றாள் ஜோதி. "தூங்கற டிரைவரை எழுப்ப வேண்டாம் சாமின்னு, அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதும் அவருதாங்க."