பூச்சிப் பத்தியம்

"இன்னா டீச்சர் நீங்க, நாளைக்கு வுயப்போற பால் பல்லுக்குப் போயி இவ்ளோ பேஜார் பண்றீங்க!"

நிஷா சிரித்துக்கொண்டே சொன்னாள். இடுப்பில் மூன்றரை வயது ஆல்வின். ஒரு கையால் கன்னத்தைப் பிடித்திருந்தான், இன்னொரு கையில் பால் புட்டி. முன்பற்கள் கறுத்துக் கரைந்து போயிருந்தன.

வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் பல்லைப் பார்த்து, தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் திலகாவின் வேலை. அதற்காக நீலக் கோட்டு, கழுத்தில் அட்டை, பையில் ஒரு பிளாஸ்டிக் பல்செட்டு. காவாந்தண்டலத்தில் அந்தப் பல்செட்டுக்கு இருந்த மரியாதை திலகாவுக்கு இல்லை. அதையாவது பிள்ளைகள் வாங்கி விளையாடின.

"வுயற பல்லுதான். ஆனா அதுக்கு இன்னும் வருஷக்கணக்கு கீது நிஷா. அதுவரைக்கும் கொயந்த எதால மெல்லும்? முன்பல்லு போச்சு. கடவாப்பல்லுல இப்பதான் ஓட்டை வுய ஆரம்பிச்சிருக்கு. அதையாச்சும் காப்பாத்தலாம். ராத்திரி புட்டியை நிறுத்துங்க. சக்கரைப் பாலு வாயிலயே தங்கிடுது."

"புட்டி இல்லன்னா வூடே ரெண்டாயிடும். நீங்க வந்து தூங்க வைக்கிறீங்களா? சும்மா இருங்க டீச்சர். இது பூச்சி. எங்க தெருவுல எல்லாப் புள்ளைக்கும் கீது."

"பல்லுல பூச்சின்னு ஒண்ணு கெடையவே கெடையாது."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் குரல் கேட்டது.

"பல்லுப் பூச்சி எடுக்கறதேய்! சொத்தைப் பல்லு, கடவாப் பல்லு, பூச்சி எடுக்கறதேய்!"

நிஷாவின் முகம் மலர்ந்தது. "யக்கா, இங்க வா!"

முழங்கை வரை கண்ணாடி வளையல், வாய் நிறைய வெற்றிலை, தோளில் துணி மூட்டை. பூச்சிக்காரி உள்ளே வந்து திலகாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு இது, பிளாஸ்டிக் பல்லை வச்சிக்கினு?"

"பூச்சியே இல்லன்னு சொல்லுது யக்கா."

"அட்டையை மாட்டிக்கினா பூச்சி தெரிஞ்சிடுமா? அதுக்குக் கண்ணு வோணும்."

"ஊரை ஏமாத்தறதுக்கு ஒரு அளவு வேணாம்?" என்று திலகா சீறினாள். நிஷா அதைக் காதில் வாங்கவே இல்லை. திலகா பல்செட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள்.

பூச்சிக்காரி ஒரு தட்டில் தண்ணீர் கேட்டாள். ஆல்வினின் கன்னத்தில் ஆமணக்கு இலையை வைத்து மூடி, முணுமுணுவென்று ஏதோ சொல்லி, இலையைத் தட்டில் உதறினாள். தண்ணீரில் வெள்ளை வெளேரென்று மூன்று பூச்சிகள் மிதந்தன.

"ஏசப்பா!" நிஷாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "இதுங்களை வச்சிக்கினா எம்புள்ள ராத்திரியெல்லாம் அழுதான்? ஏன் யக்கா அசையாம கீது?"

"நம்ம இலை பட்டா பொயச்சிக் கெடக்குமா? இது போச்சு. ஆனா முட்டை உள்ளயே கீது."

"முட்டையா!"

"பத்தியம் இருந்தா பொரியாது. இருப்பியா?"

"இன்னா சொன்னாலும் இருக்கேன்."

"ராத்திரி வாயில சக்கரை தங்குனா முட்டை பொரிஞ்சிடும். பாலை டம்ளர்ல குடு, சக்கரை போடாத, குடிச்சதும் வாயைக் கொப்புளிக்க வையி. காலைல ஒரு தபா, படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா பல்லு தேச்சு வுடணும். நீதான் தேய்க்கணும், அவங்கையில குடுத்தா பிரஷ்ஷைக் கடிச்சிக்கினு ஒக்காந்திருப்பான். பேஸ்ட்டு பட்டாணி அளவுதான்."

"சரி யக்கா."

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி பல் டாக்டர் கிட்ட ஓட்டையை அடைச்சிடு. தொறந்து கெடந்தா வெளியூரு பூச்சியும் வந்து குடியேறிடும்."

"ஐயையோ, விடிஞ்சதும் போறேன். பத்தியம் எத்தினி நாளைக்கு யக்கா?"

"பால் பல்லு அத்தனையும் வுயுந்து புதுப் பல்லு மொளைக்கிற வரைக்கும். அப்பறம் ஆயுசுக்கும்."

நிஷா பயபக்தியோடு தலையை ஆட்டினாள். ஒரு முறம் அரிசியை எடுத்துக்கொண்டு வந்தாள். பூச்சிக்காரி தொடவில்லை.

"அரிசி வோணாம். அந்தப் புட்டியைக் குடு. பூச்சிக்கு வூடே அதான்."

ஆல்வின் கத்தினான். போன நிமிஷம் வரை அந்தக் கத்தலுக்குப் பயந்தவள், இப்போது அவன் கையிலிருந்து புட்டியைப் பிடுங்கி மூட்டைக்குள் போட்டாள்.

ஊருக்கு வெளியே, பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், திலகா வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். பூச்சிக்காரி வந்ததும் வராததுமாக வெற்றிலையைத் துப்பி, வாயை நாலைந்து முறை கொப்பளித்தாள். மூட்டையை அவிழ்த்தாள். தெரு முழுக்க வாங்கிய பால் புட்டிகள் உருண்டன.

"நிஷா வூட்டுது?" திலகாவுக்குக் காலையிலிருந்து அந்த ஒரு பிள்ளையின் கவலைதான்.

"இதோ, மேலாப்புல கீது பாரு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கும் போறா."

திலகாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பூச்சிக்காரி வளையல்களைக் கழற்றினாள். மூட்டையின் அடியில் மடித்து வைத்திருந்த நீலக் கோட்டை உதறி மாட்டிக்கொண்டு, 'பரிமளா, ராஜகுளம்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு எங்க ஊர்ல, திலகா. நான் முன்னால போயி திட்டு வாங்கிக்கினு இருக்கேன். நீ இந்த வளையலை மாட்டிக்கினு, மீதி சேமியாவை எடுத்துக்கினு, பின்னாலயே பூச்சி எடுக்க வந்துடு."