மறுமுனை

பெரம்பலூர்-அரியலூர் மகளிர் கிரிக்கெட் லீக்கின் முதல் ஆட்டம் யூடியூபில் ஓடிக்கொண்டிருந்தது. ஷார்ஜா அறையில் ஷஃபியுல்லா செல்போனைத் தலையணையில் சாய்த்து வைத்திருந்தார்.

“பேட் பண்ற ரெண்டு பேர்ல உங்க மக யாரு பாய்?” என்றான் அறையில் உடன் தங்கியிருக்கும் கலையரசன்.

“ஹெல்மெட் போட்டா எனக்குத் தெரியாதா? அந்தக் குட்டைப் பொண்ணுதான். நான் கிளம்புறப்போ என் நெஞ்சுக்குக்கூட வரமாட்டா.”

அந்தப் பெண் பவுண்டரி அடித்தாள். “மாஷா அல்லாஹ்!” என்று துள்ளினார். அடுத்த பந்தில் ஸ்டம்ப் பறந்தது. அதற்குமேல் பார்க்க மனமில்லாமல் யூடியூபை மூடினார்.

உடனே மனைவி குல்சும் அழைத்தாள். “ஏங்க, மேட்ச் பாக்குறீங்களா?”

“பார்த்தேன். புள்ள அழுவுறாளா?”

“எதுக்கு அழுவணும்? அவுட்டானது வேற பொண்ணு. நம்ம புள்ள இன்னும் ஆடிட்டுதான் இருக்கா.”

அவசரமாக மறுபடி திறந்தார். மறுமுனையில் இதுவரை அவர் கவனிக்காத நெட்டைப் பெண் பேட்டை ஓங்கினாள்.

“நாலு வருசமா தினம் வீடியோ கால்ல பாக்குறீங்க. தெரியலையா?”

“முகத்தைத்தானே பார்த்தேன் குல்சும்... ஒருநாளாவது எந்திரிச்சு நில்லும்மான்னு கேக்காம போயிட்டேனே!”