விழுந்த பாட்டுத்தாள்

பெர்ம் ஓபரா அரங்கின் ஒத்திகை அறையில், நாங்கள் 'மகாராணி' என்று கூப்பிடும் முதன்மைப் பாடகி ஸ்லாத்தாவின் கையிலிருந்து பாட்டுத்தாள் நழுவி விழுகிறது. விழுந்த தாளின்மேல் ஒருமுறை உட்கார்ந்து எழாமல் அதை எடுத்தால் மேடையில் குரல் காலைவாரிவிடும். இங்கே எல்லோரும் அப்படித்தான் நம்புகிறோம். இசைக்கல்லூரியில் படித்த நாளில் ஸ்லாத்தா கிழிந்த காலுறையோடு பொத்தென்று உட்காருவாள். அன்றும் பியானோவில் நான்தான். இன்று மிலானில் வாங்கிய பட்டுக் கவுன் அவள் இடுப்பைப் பிடிக்கிறது. சாயங்காலம் மேடையேற வேண்டும். அரங்கில் உடை தைக்கும் கிழவியான கபிதோலினாவை ஸ்லாத்தா விரலால் அழைக்கிறாள். "எனக்குப் பதிலா நீ உக்காந்து எந்திரி." கபிதோலினா வாயிலிருந்த குண்டூசியை எடுக்கிறாள். "நான் உக்காந்தா, அப்புறம் நான்தானேம்மா பாடணும்?" ஸ்லாத்தா சிரித்துப் பார்க்கிறாள், இருமிப் பார்க்கிறாள். கடைசியில் தாளின்மேல் குந்துகிறாள். முதுகுத் தையல் பிரிகிற சத்தம், அவளுடைய உச்சஸ்தாயியைவிடச் சுத்தமாகக் கேட்கிறது.