அடிப்பூச்சுக்கும் அடியில்

வளவனூர் சீனுவாசன், திண்டிவனத்துக் காயலான் கடையில் வாங்கிய பழைய லேத் மெஷினை வீட்டுப் பட்டறையில் ஓட வைத்துவிட்டார். பெயிண்டைச் சுரண்டுவதுதான் பாக்கி.

"நாளைக்கு ஆயுத பூஜையில புதுசா நிக்கும் பாரு" என்றார் மனைவி அம்சாவிடம்.

சுரண்டிய பச்சை பெயிண்டுக்கு அடியில், யாரோ என்றோ வைத்த சந்தனம் குங்குமப் பொட்டு. துடைக்காமலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

"சோம்பேறிங்க."

நீலத்துக்கு அடியிலும் அதே இடத்தில் பொட்டு. சாம்பல் நிறத்துக்கு அடியிலும் இருந்தது. கடைசியில் அடிப்பூச்சும் போய் வெறும் இரும்பு வந்தது. அதிலும் ஒரு பொட்டு. தொட்டதும் விரலில் ஈரமாக ஒட்டியது.

"அதுக்குள்ள ஏன் பொட்டு வெச்ச?" என்று கத்தினார்.

அம்சா கிண்ணத்தோடு வந்தாள். "சந்தனத்த இப்பத்தாங்க கொழைச்சிக்கினு இருக்கேன்."

இரும்பில் சந்தனம் மெல்ல வழிந்துகொண்டிருந்தது.